டிரம்முக்கு வைத்த பொட்டு

என் கணவரிடம் நான் கடைசியாகச் சண்டை போட்டது ஒரு சட்டைக்காக.

ஆயுத பூஜையன்று கம்பெனியில் இருந்த மெஷின், தொட்டி, டிரம் எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசியவர் அவர்தான். பூசியதில் பாதியைத் தன் வெள்ளைச் சட்டையின் கையில் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். மறுநாள் விஜயதசமி, விடுமுறை. துணி துவைக்கும் கல்லில் சட்டையைப் போட்டு சோப்பைத் தேய்த்தேன். மஞ்சள் கறை சட்டென்று சிவந்துபோனது. குங்குமத்தையும் கொட்டிக்கொண்டு வந்திருக்கிறாரே என்று கத்தினேன். அவர் படியில் உட்கார்ந்து, போண்டா மடித்து வந்த காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி ஊத்திப் பாரு, மறுபடியும் மஞ்சளாயிடும்" என்றார், தலையைத் தூக்காமல்.

ஊற்றினேன். ஆனது. அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

அடுத்த நாள் காலை ஷிஃப்டுக்குப் போனார். பதினோரு மணிக்கு ஃபோன் வந்தது.

அவர் பெயர் சென்னப்பன். ஊர் பாரூர். ஓசூரில் ஜூஜூவாடிப் பக்கம், போல்ட்டு நட்டுகளுக்குத் துத்தநாகப் பூச்சு போடும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தார். பூச்சுக்கு முன்னால் இரும்பைக் கழுவ அங்கே இரண்டு தொட்டிகள் உண்டு. ஒன்றில் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். இன்னொன்றில் ஆசிட், துருவை எடுக்கும். அன்று ஆசிட் தொட்டியில் மட்டம் குறைந்திருந்தது. ஒரு டிரம்மை உருட்டி வந்து சாய்த்து ஊற்றினார். அதில் இருந்தது ஆசிட் இல்லை, கெட்டியான காஸ்டிக். தொட்டி கொதித்து அவர்மேல் எழுந்தது.

எங்கள் மகள் அனிதா பத்தாம் வகுப்பு. அவள் புத்தகத்தில் இது ஒரே வரிதான்: அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும். பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை வரைந்திருக்கிறார்கள். குடுவை அருகே மனிதர் யாரையும் வரையவில்லை.

கம்பெனி ஒரு விசாரணை நடத்தியது. நான்கு பக்கம் ஆங்கிலம். கடைசியில் எனக்காக ஒரே ஒரு வாக்கியம் தமிழில்: 'டிரம்மில் காஸ்டிக் என்று தெளிவாக லேபிள் ஒட்டியிருந்தும், இறந்தவர் அதைப் படிக்காமல் ஊற்றியதே விபத்துக்குக் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.' அதன் கீழே கையெழுத்துப் போட்டால் பேக்கிங் பிரிவில் எனக்கு வேலை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வரச் சொல்லியிருந்தார்கள்.

படிக்காமல். அந்தச் சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். போண்டாக் காகிதம், பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், மாத்திரை அட்டையில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து, எதையும் அவர் விட்டதில்லை. எல்லை தாண்டி அட்டிபெலே சந்தைக்குப் போனால் கடைப் பலகைகளைப் பார்த்துக் கன்னட எழுத்துக் கூட்டுவார். அப்படிப்பட்டவர் படிக்காததால் செத்தார் என்று நான் எழுதிக்கொடுத்தால், அதை அனிதா வாழ்நாள் முழுவதும் படிக்க வேண்டும்.

பாக்கெட் நாவல்களில் துப்பறிவாளர் காரில் வந்து இறங்குவார். எனக்கு வாய்த்தவர் ஷேர் ஆட்டோவில் வந்தார், அதுவும் பின் சீட்டில் இரண்டு தக்காளிக் கூடைகளுக்கு நடுவில்.

அவர் கிருபாராணி டீச்சர். தனியார் பள்ளியொன்றில் பதினைந்து வருஷம் வேதியியல் நடத்தியவர். பள்ளித் தாளாளரின் மகனுக்கு அவன் எழுதிய பதிலுக்கு உரிய மார்க்கைப் போட்டதால் வேலை போனது. பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி மாவு அரைக்கும் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் வைத்திருந்தார். காணாமல்போன பைக், கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை பற்றிய விசாரணை, இவைதான் வரும். கீழே கிரைண்டர் ஓடினால் மாடியில் ரகசியம் பேச முடியாது. ஆட்டோ ஓட்டிவந்தவர் எபினேசர், அவருடைய உதவியாளர். ஆட்டோ சவாரி இல்லாத நேரத்தில் துப்பறிவார். துப்பு இல்லாத நேரத்தில் பேசுவார்.

டீச்சர் நான்கு பக்க அறிக்கையையும் ஆட்டோவிலேயே படித்து முடித்தார்.

"முதல்ல பார்க்கணும். அப்பறம் ஊகிக்கணும். ஊகத்தைச் சோதிக்கணும். கடைசியிலதான் முடிவு. ஒன்பதாங் கிளாஸ் பையனுக்குத் தெரியும். இவங்க முடிவை முதல் பக்கத்துல எழுதிட்டு, மத்த மூணு பக்கமும் அதுக்கு மாலை போட்டிருக்காங்க."

"பெரிய கம்பெனி டீச்சர். கீழயிருந்து மேல போக லிஃப்ட் வச்சிருப்பாங்க" என்றார் எபினேசர்.

உலகத்தில் எதைப் பார்த்தாலும் இது தனிமமா, சேர்மமா, கலவையா என்று பிரித்துவிடுவது டீச்சரின் வழக்கம். தனிமத்தை எத்தனை உடைத்தாலும் அதேதான். சேர்மத்தில் உள்ளவை ஒன்றையொன்று மாற்றிக்கொண்டுவிடும், பிரிப்பது கஷ்டம். கலவையில் இருப்பவை பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் தத்தம் குணத்தை விடாது. சரியான வடிகட்டி கிடைத்தால் பிரித்துவிடலாம். கம்பெனி சொல்லும் கதை கலவை என்றார் அவர். உண்மையும் பொய்யும் கலந்திருக்கிறது. வடிகட்டிதான் வேண்டும்.

"அப்ப நானு?" என்று எபினேசர் கேட்டார்.

"நீ கலவையில தொங்கல்ங்கற ரகம். கலக்கிக்கிட்டே இருந்தா மிதப்பே. விட்டா அடியில படிஞ்சு தூங்கிடுவே."

நான் பதினேழு நாளில் முதல்முறையாகச் சிரித்தேன். சிரித்ததற்காக உடனே வெட்கப்பட்டேன்.

கம்பெனி கேட்டில் என்னோடு உறவினர் இரண்டு பேரை அனுமதித்தார்கள். டீச்சர் என் பெரியம்மா மகள் ஆனார். எபினேசர் தன்னை என் தம்பி என்று வருகைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, காரணம் என்ற இடத்தில் 'துக்கம்' என்று எழுதினார். செக்யூரிட்டி அதைப் படித்துவிட்டு மூன்று ஹெல்மெட் கொடுத்தார்.

ஹரீஷ்குமார் அங்கே சேஃப்டி ஆபீசர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அவர் அறைச் சுவரில் 'விபத்தில்லா நாட்கள்' என்ற பலகை தொங்கியது. அதில் எண் பதினாறு. என் கணவர் இறந்த அன்றே அதைப் பூஜ்யமாக்கி, மறுநாளிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த விஷயத்தில் மட்டும் கம்பெனி மிகவும் ஒழுங்கு.

"சிஸ்டர், பேப்பர் ரெடியா இருக்குது. ஒரே ஒரு சைன்" என்றார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் என் கணவர் நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று, டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். துக்கம் என்று பதிவேட்டிலேயே எழுதியிருந்ததால் மறுக்க முடியவில்லை.

ஷெட்டில் அந்த மூலையை மட்டும் மஞ்சள் கறுப்பு டேப் கட்டி விட்டிருந்தார்கள். தொட்டியைக் காலி செய்து கழுவியாகிவிட்டது. டிரம் மட்டும் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பதற்காக அப்படியே நின்றது. ஆள் இடுப்பு உயர நீல டிரம். அதன் எதிரில் துடைப்பத்தோடு கங்கப்பன் நின்றிருந்தார். அஞ்செட்டிப் பக்கத்துக்காரர், வீட்டில் பேசுவது கன்னடம். டிரம் உருட்டுவது, தொட்டி கழுவுவது இரண்டுமே அவர் வேலை. காரியத்துக்கு வந்தவர் சாப்பிடாமல் போனார். இப்போதும் என்னைப் பார்க்காமல், "நமஸ்காரம்மா" என்றார் தரையிடம்.

டீச்சரிடம் ஓர் ஊகம் தயாராக இருந்தது. இரண்டு திரவமும் தண்ணீர் போலத்தான் இருக்கும், கண்ணால் பிரிக்க முடியாது. ஆகவே அட்டிபெலேயிலிருந்து ஆசிட் அனுப்புகிறவன் ஒரு டிரம்மில் தவறாகக் காஸ்டிக்கை நிரப்பி அனுப்பிவிட்டான். குற்றம் எல்லைக்கு அந்தப் பக்கம். இதை அவர் தன் தங்கைக்காக வருந்தும் அக்காவின் குரலில், ஆனால் கரும்பலகை முன் நிற்கும் தோரணையில் சொன்னார்.

ஹரீஷ்குமார் பொறுமையாகக் கேட்டார். பிறகு சுவரோரம் அடுக்கியிருந்த சாக்குகளைக் காட்டினார். காஸ்டிக் டிரம்மில் வருவதே இல்லையாம். சாக்கில், சோப்புச் சீவல் மாதிரி வில்லையாக வரும். இங்கே தண்ணீரில் கரைப்பார்கள். சப்ளையருக்கும் காஸ்டிக்குக்கும் சம்பந்தமே கிடையாது.

டீச்சரின் ஊகம் ஒரு நிமிஷம்கூட உயிரோடு இருக்கவில்லை.

"பத்துக்கு ஒண்ணரை மார்க் டீச்சர்" என்றார் எபினேசர், எனக்கு மட்டும் கேட்கும்படி. "சுத்தமா எழுதினதுக்கு."

ஆனால் டீச்சர் சோர்ந்ததாகத் தெரியவில்லை. பொய்யாகிப்போன ஊகமும் வேலை செய்யும் என்பது அவர் கட்சி. டிரம்மில் வராத காஸ்டிக், டிரம்முக்குள் எப்படிப் போனது என்று கேட்டார்.

இதற்கும் பதில் தயாராக இருந்தது. கரைத்த காஸ்டிக்கில் மீந்ததைச் சேர்த்துவைக்க ஒரு டிரம் உண்டு, அது இதுதான், பூஜைக்கு வெகுநாள் முன்பே இதில் காஸ்டிக் லேபிள் ஒட்டியாகிவிட்டது என்றார் ஹரீஷ்குமார். சந்தேகம் இருந்தால் நீங்களே பாருங்கள் என்று டேப்பைத் தூக்கிப் பிடித்தார்.

"லேபிள் மேலயே மஞ்சள் பட்டை இருக்குது பாருங்க சிஸ்டர். உங்க வீட்டுக்காரர் பூஜை அன்னிக்குத் தன் கையால பூசினது. லேபிளை நான் அப்பறமா ஒட்டியிருந்தா மஞ்சள் எப்படி மேல வரும்? அவரு இதைப் பார்த்திருக்காரு. பார்த்துட்டும் படிக்கலை. நான் என்ன பண்ணட்டும்?"

பார்த்தேன். டிரம்மின் வயிற்றைச் சுற்றி மூன்று விரல் பட்டை, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை. நடுவில் ஒரு பெரிய லேபிள். பட்டை அதன் மேலும் ஓடியது. மூடிக்குக் கீழே ஒரு குங்குமப் பொட்டு. மனிதருக்கு வைப்பதைப் போல நெற்றி பார்த்து வைத்திருந்தார்.

டீச்சர் லேபிளைப் பார்த்தார், மஞ்சளைப் பார்த்தார், மறுபடியும் லேபிளைப் பார்த்தார். எபினேசர் மார்க் போடக்கூட மறந்துவிட்டார். அது இன்னும் மோசம். ஹரீஷ்குமார் காகிதத்தை என் கையில் கொடுத்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

பேனா என் விரலுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் கண்ணில் பட்டது. லேபிளுக்கு இடப்பக்கம் பட்டை செங்கல் நிறம். வலப்பக்கமும் செங்கல் நிறம். நடுவில், லேபிளின் மேல் மட்டும், நல்ல மஞ்சள்.

ஏன் ரெண்டு பக்கமும் சிவப்பாக இருக்கிறது என்று கேட்டேன்.

"குங்குமம் வழிஞ்சிருக்கும் சிஸ்டர். சாய்ச்சு ஊத்தும்போது முன்பக்கம் பூராத்தான வழியும்."

"குங்குமம் இல்லைங்க" என்றேன். "அது சோப்பு பட்ட மஞ்சள்."

யாருக்கும் புரியவில்லை. சட்டைக் கதையைச் சொன்னேன். கல்லில் சோப்புத் தேய்த்ததும் சிவந்தது, தண்ணீர் ஊற்றியதும் மஞ்சளானது, நான் திட்டியது. திட்டியதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை, வாய் தானாகச் சொன்னது.

டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அவர் முகம் மார்க் ஷீட் வாங்கிய மாணவியின் முகம் போல இருந்தது.

"மஞ்சள் தாள் சோதனை" என்றார். "அமிலம் பட்டா மஞ்சள் மஞ்சளாவே இருக்கும். காரம் பட்டா சிவக்கும். சோப்பும் காரம், காஸ்டிக்கும் காரம். பதினஞ்சு வருஷம் இதை நடத்தியிருக்கேன்."

"துணி மட்டும் வீட்ல வேற ஆள் துவைச்சிருப்பாங்க" என்றார் எபினேசர்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. டீச்சர் எபினேசரை ஆட்டோவுக்கு விரட்டினார். ஆட்டோ முன்னால் ஓனர் கட்டியிருந்த எலுமிச்சம்பழமும் மிளகாயும் கயிறோடு வந்தன. தனக்கு வழியில் ஏதாவது ஆனால் டீச்சர்தான் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டே பழத்தைக் கொடுத்துவிட்டு, செல்ஃபோனில் படம் எடுக்கத் தொடங்கினார். கை கழுவும் இடத்திலிருந்து கொஞ்சம் சோப்பு வந்தது. மீட்டிங்குக்கு நேரமாகிறது என்றார் ஹரீஷ்குமார். டீ பிரேக் மணி அடித்து, ஷெட்டில் இருந்த இருபது பேர் சுற்றி நின்றுவிட்டதால் அவரால் நகர முடியவில்லை.

டீச்சர் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டார். முதலில் நெற்றிக் குங்குமத்தின் ஓரத்தில் எலுமிச்சைச் சாறு விட்டார். கடைக் குங்குமம், சாயம். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. அடுத்து, லேபிளுக்கு இடப்பக்கத்துச் செங்கல் நிறப் பட்டையில் விட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மஞ்சளானது. கடைசியாக லேபிளின் மேலிருந்த மஞ்சளில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தார். அது சிவந்தது, அவர் சட்டை சிவந்த அதே சிவப்பு.

"சென்னப்பன் டிரம்மைச் சாய்ச்சப்ப காஸ்டிக் முன்பக்கம் பூரா வழிஞ்சிருக்கு" என்றார், பாடம் நடத்தும் குரலில். "பட்டை இந்தப் பக்கம் சிவந்திருக்கு, அந்தப் பக்கம் சிவந்திருக்கு. நடுவுல லேபிளை மட்டும் தொடாம தாண்டிப் போயிருக்கு. மரியாதை தெரிஞ்ச காஸ்டிக்."

"ஆபீசருக்குப் பயந்திருக்கும்" என்றார் எபினேசர்.

"இல்ல. வழியறப்போ இந்த லேபிள் இங்க இல்ல. அவர் போனதுக்கு அப்பறம் ஒட்டி, பழசா தெரியணும்னு மேல புது மஞ்சள் பூசியிருக்காங்க. பூசினவருக்கு மஞ்சள் தெரியும். மஞ்சளோட குணம் தெரியாது."

ஹரீஷ்குமார் சிரித்தார். எலுமிச்சம்பழம், மஞ்சள், குங்குமம், இதெல்லாம் மந்திரவாதி வேலை என்றார். லேப் ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் இதை ஏற்கமாட்டார் என்றும், நான் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறேன் என்றும் சொன்னார். சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் வீடு, வாடகை, பிள்ளைகள் இருந்தன. ஒரு நிமிஷம், அவர் சொல்வதுதான் நின்றுவிடும் என்று நினைத்தேன்.

அப்போது கங்கப்பன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். டேப்பைக் குனிந்து கடந்து டிரம்மின் முன் உட்கார்ந்தார். கட்டைவிரல் நகத்தால் லேபிளின் ஓரத்தைக் கிளப்பினார்.

"கங்கப்பா, பேடா" என்றார் ஹரீஷ்குமார். வேண்டாம் என்பதை அவர் மொழியிலேயே சொன்னார். அன்று அவர் யாரிடமும் அத்தனை மெதுவாகப் பேசவில்லை.

லேபிள் ஒரே இழுப்பில் வந்தது. அடியில் பழைய லேபிள், கொஞ்சம் சிறியது. தமிழிலும் கன்னடத்திலும் ஆசிட் என்று எழுதியிருந்தது. அதன் குறுக்கே மூன்று விரல் பட்டை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை செங்கல் சிவப்பு.

கங்கப்பன் எழுந்திருக்கவில்லை. டிரம்மைப் பார்த்தே சொன்னார்.

"பூஜைக்குக் காஸ்டிக் தொட்டியைக் காலி பண்ணிக் கழுவணுமின்னாங்க. உள்ள கெட்டிக் காஸ்டிக் இருந்துச்சு. புதுசாக் கரைச்சது, கொட்ட மனசில்ல. வேற காலி டிரம்மு இல்ல. இதுல ஊத்துன்னாரு சாரு. ஆசிட்டுன்னு எழுதியிருக்குதே சார்ன்னேன். பூஜை முடியட்டும், லேபிளை மாத்திக்கலாமின்னாரு." கொஞ்சம் நிறுத்தினார். "மாத்தினாரு. சென்னப்பன் ஊத்தினதுக்கு அப்பறம்."

எல்லோர் கையிலும் டீ ஆறிக்கொண்டிருந்தது.

ஹரீஷ்குமார் கைநீட்டி, கையெழுத்துக்குக் கொடுத்த காகிதத்தைத் திருப்பிக் கேட்டார். பெர்சனலாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். நான் கொடுக்கவில்லை. அவருடைய பேனாவைத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

"அவர் படிச்சாருங்க" என்றேன். "ஆசிட்டுன்னு எழுதியிருந்தது. படிச்சாரு. எழுதினதை நம்பினாரு. அது ஒண்ணுதான் அவர் பண்ணின தப்பு."

திரும்பி வரும்போது ஆட்டோவில் டீச்சர் அறிக்கையை மறுபடி புரட்டினார். தான் ஊகத்தை வைத்துக்கொண்டு அதற்கு ஏற்றதைத்தான் தேடியதாகவும், பார்க்க வேண்டியதைப் பார்த்தது நான்தான் என்றும் கடைசியில் ஒப்புக்கொண்டார். எபினேசர் அதை அறிக்கையில் சேர்க்கச் சொன்னார், ஆங்கிலத்தில், நான்கு பக்கத்துக்கு.

இன்ஸ்பெக்டர் அந்த வாரமே வந்து டிரம்முக்குச் சீல் வைத்தார். எபினேசர் எடுத்த படமும் கங்கப்பனின் வாக்குமூலமும் போதுமானதாக இருந்தன. அறிக்கையில் அந்த ஒரு வாக்கியத்தை அடித்தார்கள். கங்கப்பனுக்கு வேலை போய்விட்டது. அஞ்செட்டிக்குத் திரும்பி மாடு வைத்திருக்கிறார். ஹரீஷ்குமார் மேல் வழக்கு நடக்கிறது. அது நடக்கும்போதே, எல்லைக்கு அந்தப் பக்கம் வேறொரு கம்பெனியில் சேஃப்டி மேனேஜராக இருக்கிறார். டீச்சர் அவரைத் தனிமம் என்கிறார்.

நான் அந்தப் பேக்கிங் வேலைக்குப் போகவில்லை. அனிதா இப்போது பதினொன்றாம் வகுப்பு, வேதியியல் எடுத்திருக்கிறாள். அடித்த வாக்கியத்தின் நகலை அவளிடம் கொடுத்தேன். படித்தாள், மடித்து வைத்தாள்.

சட்டையை வருஷத்துக்கு ஒரு முறை துவைக்கிறேன். கை மடிப்பில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. சோப்பு போட்டால் சிவக்கிறது. தண்ணீர் ஊற்றினால் மஞ்சளாகிவிடுகிறது.